அணையை அடுத்த காட்டில் ஒரு காலை நடை

திருநாவலூர் வட்டாரத்தில் கிராம சபை கூடும்போதெல்லாம் எழும் கேள்வி ஒன்றுண்டு. "ஏரியைத் தூர் வாரிச் சில ஆண்டுகள்தானே ஆயின? மறுபடியும் எப்படி ஐயா மேடிட்டது?" என்பதே அது. அலுவலகத்தில் அமர்ந்து இதற்கு விடை கூறுவதைவிட, நீர் வரும் வழியை நேரில் காட்டுவதே நலமென்று கருதினேன். ஆகவே சென்ற தை மாதத்தில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளுமாகப் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு கோமுகி அணைக்குச் சென்றேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், கச்சிராயபாளையத்தை அடுத்து, கல்வராயன் மலையடிவாரத்தில் இவ்வணை உள்ளது. 1965ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. இதன் நீர்மட்ட உயரம் 46 அடி. கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. பத்தாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பாசனம் பெறுகிறது. கெடிலக் கரையிலுள்ள நமது வட்டாரம் இதன் ஆயக்கட்டில் சேர்ந்ததன்று. ஆயினும் மலை, காடு, நீர்த்தேக்கம் ஆகிய மூன்றையும் ஒரே காலையில் பார்த்துவிடக்கூடிய இடம் நமக்கு அருகில் இதுவே.

வனத்துறையின் முன் அனுமதி பெற்று, வனக்காப்பாளர் ஒருவர் துணைவர, காலை 7 மணிக்குப் புறப்பட்டோம். அணைக்கரையில் தொடங்கி, காப்புக்காட்டினுள் சிறிது ஏறி, ஓடையொன்றைக் கடந்து, போன வழியே திரும்பாமல் சுற்றிக்கொண்டு அணைக்கே வந்து சேருவது எங்கள் திட்டம். ஏற்றம் கடினமன்று. அறுபது வயது கடந்த பெரியவர்கள் இருவர் எங்கும் உட்காராமல் நடந்தனர். உட்கார்ந்தவன் நான்தான்.

காட்டில் உசிலையும் வெப்பாலையும் மூங்கிலும் அடர்ந்த ஓரிடத்தில் வனக்காப்பாளர் நின்றார். சருகு மூடிய தரையில் ஒரு செம்பு நீரை ஊற்றினார். சிறிதும் ஓடாமல் அது மண்ணுள் இறங்கிவிட்டது. சருகை விலக்கிப் பார்த்தோம். மண் பொலபொலவென்று கருத்திருந்தது. சிறிது தூரம் சென்றபின், கால்நடைகள் மிதித்து இறுகிப்போன வெற்றுத் தரையில் மற்றொரு செம்பு நீரை ஊற்றினார். அது செந்நீராகச் சரிவில் ஓடிற்று. நாங்கள் கேட்க வந்த கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது. மழைத்துளி இலையிலும் சருகிலும் விழுந்தால் வேகம் தணிந்து, வேர் சென்ற வழியே உள்ளிறங்கி, பல நாட்கள் ஊற்றாகக் கசியும். வெறும் மண்ணில் விழுந்தால் மண்ணையும் எடுத்துக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும்.

இதன் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லியன் கன அடி நீர் என்பது ஏறக்குறைய 23 ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரம் நிற்கும் நீராகும். நெற்பயிருக்கு ஒரு போகத்திற்குச் சுமார் 4 அடி நீர் வேண்டுமெனில், அவ்வளவு இடத்தை வண்டல் அடைத்துக்கொள்ளுந்தோறும் ஏறத்தாழ 6 ஏக்கர் நெல்லுக்குரிய நீரை நாம் இழக்கிறோம். ஏரிக்கும் கணக்கு இதுவே.

காப்புக்காட்டினுள் செல்வோர் சில விதிகளை அவசியம் அறிதல் வேண்டும். 1882ஆம் ஆண்டின் வனச்சட்டப்படி அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றமாகும். கோடையில் செல்லவே கூடாது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் நடைப்பயணம் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவில் தீ மேல்நோக்கியே விரைந்து பரவும். ஆதலால் தீயைக் கண்டால் மேட்டை நோக்கி ஓடலாகாது. புல்லற்ற பாறையோ, நீரோ, ஏற்கனவே எரிந்து தணிந்த இடமோ இருக்குமிடத்தை நாட வேண்டும். எங்களுள் ஒருவர் மடியில் பீடிக்கட்டு வைத்திருந்தார்; வனக்காப்பாளர் அதனைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பியபின் கொடுத்தார்.

அந்த விபத்திற்குப்பின் அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழிகளுடன் மலையேற்றத் திட்டமொன்றும் தொடங்கப்பெற்றது. திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்த குடியம் குகை வழி அவற்றுள் ஒன்று. அங்கங்கே வாழும் இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்திருப்பது இத்திட்டத்தில் நான் மெச்சும் அம்சம். கல்வராயன் மலை மக்களுக்கும் இத்தகைய வேலை கிட்டுமாயின் நன்று.

திரும்பும் வழியில் ஆடு வளர்க்கும் விவசாயி ஒருவர் என்னருகில் வந்தார். "ஐயா, எங்கள் ஏரிக்கு நீர் வரும் மேட்டில் மேய்வதெல்லாம் எங்கள் ஆடுகள்தாம். அங்கே விடாதே என்றால் வேறெங்கே விடுவது? ஊர் மேய்க்கால் முழுவதும் உழவாகிவிட்டதே" என்றார். எனக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை. அவர் கூறியது உண்மை. செம்பு நீரைக் காட்டி மட்டும் அவரைத் திருப்பி அனுப்ப முடியாது.

அவ்வூர் பஞ்சாயத்துத் தலைவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தார். மறுவாரமே கிராம வரைபடத்துடன் அலுவலகத்திற்கு வந்து, மேய்க்கால் புறம்போக்கை அளந்து எல்லைக்கல் நடவேண்டுமென மனுக் கொடுத்தார். அதனைத் தாசில்தாருக்கு அனுப்பியுள்ளேன்.