பரு உங்கள் பர்ஸைக் கடிக்கிறதா?

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் காலை நேரத்தில் பாத்ரூமுக்கு மட்டுமில்லை, கண்ணாடிக்கும் க்யூ உண்டு. தலை வாருகிறவர் அரை நிமிஷத்தில் நகர்ந்துவிடுவார். பருக்காரர் நகர மாட்டார். நேற்று கன்னத்தில் இருந்தது இன்று மூக்குக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகியிருக்கிறதா, புதுசாக யாராவது ஜாயின் பண்ணியிருக்கிறார்களா என்று தினமும் அட்டெண்டன்ஸ் எடுத்தாக வேண்டுமே அவருக்கு!

பக்கத்து ரூம்காரர்கள் சும்மா இருப்பார்களா? "எலுமிச்சம்பழத்தைத் தேய்டா." "டூத்பேஸ்ட் வெச்சுட்டுப் படு மச்சி." "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்ப்பா!" கடைசி ஆசாமியை விட்டுவிடலாம். முதல் இரண்டு பேரை நம்பினால் எரிச்சலும் கறுப்புத் தழும்பும்தான் மிஞ்சும்.

பரு, அழுக்கால் வருவதில்லை. தோலுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் ஹார்மோன் தயவில் ஓவர்டைம் பார்க்கின்றன. அந்த எண்ணெயும் உதிர்ந்த செல்களும் சேர்ந்து துவாரத்தை அடைத்துக்கொள்ள, உள்ளே கிருமி பெருகி, சிவந்து வீங்குகிறது. கரும்புள்ளியின் கறுப்புகூட அழுக்கு இல்லை. எனவே, நாளைக்கு ஆறு தடவை சோப்புப் போட்டுத் தேய்ப்பது வீண். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, பஸ்ஸில் வெந்து வியர்த்து வந்தால் இன்னொன்று. மென்மையான ஃபேஸ்வாஷ் போதும். நெற்றி ஓரத்தில் மட்டும் வரிசையாகப் பரு என்றால், தலையிலிருந்து வழியும் தேங்காயெண்ணெய் மீது சந்தேகப்படலாம். (அம்மாவிடம் நாம் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்!)

இனி பர்ஸ் விஷயம். 2005-ல் 'ஃபேர் அண்ட் ஹேண்ட்ஸம்' வந்தது. அதுவரை அக்காவின் ட்யூபைத் திருடிக்கொண்டிருந்த தம்பிகளுக்குச் சொந்தமாக ஒரு ட்யூப்! அப்புறம் கரி ஃபேஸ்வாஷ், சீரம் என்று கடை அலமாரியே நிரம்பிவிட்டது. ஆனால், சிவப்பழகுக்கும் பருவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

பருவுக்கென்றே உள்ள பழைய மருந்துகள் எளிமையானவை. ஒன்று, பென்ஸாயில் பெராக்ஸைடு. 2.5 சதவிகித ஜெல்லே போதும். 10 சதவிகிதம் வாங்கினால் பலன் கூடுவதைவிட எரிச்சல்தான் கூடும். (வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை வைத்துக்கொள்ளுங்கள். கலர் துணியில் பட்டால் வெளுத்துவிடும்!) இன்னொன்று, அடாப்பலீன் 0.1 சதவிகிதம். இது ராத்திரி டூட்டி. பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிசாகத் தடவ வேண்டும். பருவுக்குப் பொட்டு வைக்கிற கதை இல்லை. தோல் வறண்டால் எண்ணெய்ப் பசை இல்லாத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்க்ரீன். இரண்டிலும் விலை குறைந்ததே போதும். ஒருமுறை டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம்.

முதல் இரண்டு வாரம் முகம் உரியும், பரு அதிகமானதுபோல்கூடத் தெரியும். "சே, வேஸ்ட்டு!" என்று பலர் ட்யூபைக் கடாசுவது இங்கேதான். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும்.

அந்தப் பொறுமை இல்லாதவர்தான் மெடிக்கல் ஷாப்பில் போய், "அண்ணே, சீக்கிரம் போற மாதிரி ஏதாவது க்ரீம் குடுங்க" என்கிறார். அப்படிக் கைக்கு வருவது சில சமயம் ஸ்டீராய்டு கலந்த க்ரீமாக இருந்துவிடுகிறது. சில நாளில் முகம் பளிச்! ஆபீஸில் ஆளாளுக்கு விசாரிப்பார்கள். பிறகு தோல் மெலியும், சிவக்கும், ரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரியும், பரு பட்டாளமாகத் திரும்பும். நிறுத்தினால் எரியும், தடவினால் அடங்கும், மறுபடியும் ட்யூப். குடிகாரர் கதைதான். மத்திய அரசு 2018-ல் 14 ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் நம் பங்குக்கு ட்யூபைத் திருப்பிப் படிப்பது நல்லது. பீட்டாமெத்தஸோன், க்ளோபிட்டசால், மொமெட்டசோன்... இதில் எது இருந்தாலும் பருவுக்கு வேண்டாம், கீழே வையுங்கள்.

கட்டி கட்டியாக, வலியோடு வந்தாலோ, குழி விழ ஆரம்பித்தாலோ கடையோடு பேச்சே கூடாது, நேரே டாக்டர்தான். ஃபீஸுக்குப் பயமா? சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை மாதிரியான பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிட வேண்டும். வெளியே வாங்கச் சொன்னால், மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி மக்கள் மருந்தகத்திலோ, 2025-ல் தமிழக அரசு ஆரம்பித்த முதல்வர் மருந்தகத்திலோ முதலில் விசாரியுங்கள். அரை நாள் லீவு போகும். "பருவுக்கா லீவு?" என்று மேனேஜர் சிரித்தால் சிரிக்கட்டும். அவர் முகத்தில் இருக்கும் குழிகளை எண்ணிக்கொண்டே லீவ் லெட்டரை நீட்டுங்கள்!