24 குச்சி, 13 செடி, 798 ரூபாய்

மார்கழியில் இலை உதிர்த்து நின்ற சீமை அத்தியைக் கவாத்து செய்ததில் கிடைத்தவை 24 குச்சிகள். பென்சில் பருமன், 15 செ.மீ. நீளம், ஒவ்வொன்றிலும் 3, 4 கணுக்கள். குச்சிக்குச் செலவில்லை. மற்றவை:

மூடியுள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி – ரூ.320
ஈரப்பதமானி – ரூ.250
வேர் ஹார்மோன் பவுடர் – ரூ.120
650 கிராம் கோகோபீட் கட்டி – ரூ.60
250 மி.லி. கப், 24 – ரூ.48
மொத்தம் – ரூ.798

முதல் தவணையில் 12 குச்சி. மீதியை ஈரத் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். பெட்டிக்குள் 90 சதவீத ஈரப்பதம் வேண்டுமென்று, மானியைப் பார்த்துப் பார்த்துக் காலையில் 10, மாலையில் 10 மி.லி. தெளித்தேன். 3 வாரத்தில் 8 குச்சியின் பட்டை கறுத்து, தொட்டால் வழன்று வந்தது. கணுக்களில் வெள்ளைப் பூஞ்சை. பிழைத்தவை 4.

பிறகுதான் கணக்குப் போட்டேன். 30 டிகிரி வெப்பத்தில் 1 கன மீட்டர் காற்று கொள்ளும் நீராவி சுமார் 30 கிராம். கப்புகள் போகப் பெட்டியில் இருப்பது 17 லிட்டர் காற்று. முழுக்க நிறைந்தாலும் அரை கிராம்தான். 60 சதவீத ஈரமுள்ள அறைக் காற்றில் 0.3 கிராம் ஏற்கெனவே உண்டு. குறைவது 0.2 கிராம், அதாவது 4 சொட்டு. நான் தெளித்தது நாளுக்கு 20 மி.லி.; 100 மடங்கு.

மானியையும் சோதித்தேன். சிறு மூடியில் சமையல் உப்பைச் சேறுபோல் நனைத்து, மானியோடு டப்பாவில் ஓர் இரவு அடைத்து வைத்தால் 75 காட்ட வேண்டும். என்னுடையது காட்டியது 68. அது 88 என்றபோது உள்ளே ஏறக்குறைய 95 இருந்திருக்கும்.

இரண்டாம் தவணையில் தெளிப்பே இல்லை. கோகோபீட்டைக் கைக்குள் இறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டு விழும் ஈரம். தேவையான 4 சொட்டை அதுவே தந்துவிடும். தினம் 5 நிமிடம் மூடியைத் திறந்தேன். 10ஆம் நாள் துளிர் வந்தது. அது குச்சி தன் சேமிப்பு மாவுச்சத்தைச் செலவழிப்பது. வேர் விட்டதற்கு அத்தாட்சி இல்லை. அப்படித் துளிர்த்த 3 வாடிப்போயின. 5ஆம் வாரம் 9 கப்பின் பக்கத்தில் வெள்ளை வேர் தெரிந்தது.

முதல் 4 செடிக்கு ரூ.774; ஒன்று ரூ.193.50. அடுத்த 9 செடிக்குக் கூடுதலாக 12 கப், ரூ.24; ஒன்று ரூ.2.67. மொத்தத்தில் செடிக்கு ரூ.61. அந்த 3 வாரத்தில் தெளித்த 420 மி.லி. தண்ணீரைக் காசில்லாதது என்று பற்றில் எழுதவில்லை. 8 செடியைக் கொண்டுபோனது அதுதான்.