மெட்ராஸைப் பார்த்து மலைத்த பாட்டு

சென்னையைப் பற்றி எத்தனையோ திரைப்பாடல்கள் வந்துவிட்டன. ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்தது 1967-இல் வெளிவந்த 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில் வரும் 'மெட்ராஸ் நல்ல மெட்ராஸ்' பாட்டுத்தான். படத்தை இயக்கியவர் கே. பாலசந்தர். கவியரசு கண்ணதாசன் எழுத, மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைக்க, டி.எம். சௌந்தரராஜன் பாடினார். திரையில் நாகேஷ்.

தூத்துக்குடிச் சீமையிலிருந்து பட்டணத்துக்கு வந்தவன் ஒருவன், கண்ணில் பட்டதையெல்லாம் கண்டு மலைக்கிறான். அவ்வளவுதான் பாட்டு. நகரத்தைப் புகழவும் இல்லை, முழுக்க வெறுக்கவும் இல்லை. எல்லோருக்கும் என்ன அவசரம் என்று கேட்கிறான். இத்தனை வீடுகள் இருந்தும் சிலர் ஏன் தெருவில் படுக்கிறார்கள் என்றும் கேட்கிறான்.

நம் பிள்ளைகளுக்கு இரண்டு இடங்களில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்று, வைக்கோல் கன்றுக்குட்டி. கன்று இறந்துவிட்டால் மாடு பால் சுரக்கத் தயங்கும். எனவே பால்காரர் கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். கிராமத்தானுக்கு அது வேடிக்கை, மாட்டுக்கோ ஏமாற்று. மற்றொன்று, மூர் மார்க்கெட். சென்ட்ரல் அருகே இருந்த அந்தச் சந்தை 1985-இல் தீயில் அழிந்தது. இன்று அதே இடத்திலிருந்துதான் கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை பக்கம் போகும் புறநகர் ரயில்கள் கிளம்புகின்றன.

அந்தப் பாதையில்தான் என் ஊர் தடா இருக்கிறது. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா. முதலில் வருவது நாங்கள். நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2022-இல் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. மாவட்டம் எதுவானாலும் எங்களுக்குப் பட்டணம் என்றால் சென்னைதான்.

பாட்டில் ஒரே ஒரு குறையோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பட்டணத்தில் சரியான தமிழ் பேச ஆள் இல்லையாம்! நைனா, டப்பு என்று சென்னைக்காரர் சொல்வதெல்லாம் தெலுங்கிலிருந்து வந்த சொற்கள். எல்லையில் பிறந்த எங்களுக்கு அவை வீட்டுச் சொற்கள். சென்னைத் தமிழ் கெட்டுப்போன தமிழ் அல்ல. பல ஊர்க்காரர்கள் ஒரே தெருவில் பிழைக்க வந்ததற்கு அடையாளம். பாடுகிறவனின் தூத்துக்குடித் தமிழும் சென்னைக்காரர் காதுக்கு விநோதமாகத்தான் கேட்டிருக்கும்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே வளரும் நம் குழந்தைகள் பேசும் தமிழில் இந்த ஊரின் சொற்கள் கலக்கத்தான் செய்யும். அதைக் கேட்டுச் சிரித்தால் அவர்கள் பேசுவதையே நிறுத்திவிடுவார்கள். கலந்த தமிழை நாளடைவில் திருத்திக்கொள்ளலாம். நின்றுபோன தமிழை என்ன செய்வது?

வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு அமர்ந்து இந்தப் பாட்டைக் கேளுங்கள். பிறகு நீங்கள் இந்த ஊருக்கு வந்த முதல் நாளில் எதைக் கண்டு மலைத்தீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் எந்தத் தமிழில் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லுங்கள்.