தரவுத்தளத்தில் தக்காரைத் தேடல்

ஒரு வினைக்கு உரியாரை ஆராய்ந்து தேர்ந்து அவ்வினையை அவரிடம் ஒப்புவித்தல் அரசியலின் தலையாய கூறுகளுள் ஒன்றென்பது நம் முன்னோர் துணிபு. திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தமை இதன் அருமை நோக்கியே போலும். ஆயின், அவ்விரண்டும் ஆராயப்படுபவன் ஆராய்வோன் கண்முன் நிற்கின்றான் என்று கொண்டே பேசுகின்றன. இக்காலத்து இடர்ப்பாடு அதற்கு முந்தியது. ஆள் வேண்டுவோர், ஆயிரக்கணக்கான சுயவிபரக் கோவைகள் குவிந்த தரவுத்தளம் ஒன்றின் முன் அமர்ந்து சில சொற்களைத் தட்டுகின்றனர். அச்சொற்களுக்கு அகப்பட்டவரே கண்முன் வருவர். ஏனையோர் தெரிதலுக்கும் தெளிதலுக்கும் உட்படாமலே நீங்கிவிடுவர். இத்தேடலை எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதை நம் வாவிக்கரை நிலைமையை மனத்திற்கொண்டு ஈண்டு விளக்க முயல்வோம்.

பல நிபந்தனைகளை ஒருங்கே வைத்து ஆள் தேடுதல் தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூரிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் ஊர்ச்சபை வாரியங்களுக்கு உரியாரைக் குடவோலை முறையால் தேரும் விதியைக் கூறுகின்றன. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராதல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தலும் வேண்டும். வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் ஆதல் வேண்டும். நிலம் அரைக்கால் வேலியே எனினும், ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றுப் பிறர்க்கு உரைக்க வல்லாராயின் அவர் பெயரும் குடத்துள் இடப்படும். கணக்குக் காட்டாது விட்டாரும் அவர்தம் உறவினரும், அணிமையில் மூன்றாண்டுக்குள் வாரியஞ் செய்தாரும் நீக்கப்படுவர்.

1854ஆம் ஆண்டில் ஜோர்ஜ் பூல் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் சிந்தனையின் விதிகளைக் கணிதமாக்கி ஒரு நூல் வெளியிட்டார். இன்று கணினித் தேடலில் வழங்கும் 'உம்', 'அல்லது', 'அன்று' என்னும் மூன்று இணைப்புக்களும் அந்நெறியில் வந்தவையே. உத்தரமேரூர் விதியில் இம்மூன்றும் உள. நிலமும் மனையும் வயதும் என்பது முதலாவது. கால் வேலி அல்லது அரைக்கால் வேலியோடு கல்வி என்பது இரண்டாவது. கணக்குக் காட்டாதார் அல்லர் என்பது மூன்றாவது. 919ஆம் ஆண்டு விதியில் வயதெல்லை 30 முதல் 60 வரை இருந்தது. இரண்டே ஆண்டில் அதனைத் திருத்தினர். முதலில் இட்ட நிபந்தனையே முடிந்த நிபந்தனையன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். எனினும், அது அந்தணர் சபையாதலின், அக்குடத்துள் ஓலை இடப்பெறும் உரிமை மிகச் சிலர்க்கே இருந்தது. குடத்துக்குப் புறம்பே நின்றாரை எந்த நிபந்தனையும் எட்டவில்லை. இக்குறை நம் காலத்துக்கும் உண்டு; பின்னர் நோக்குவோம்.

தேடல் ஒன்றின் நன்மை தீமையை அளத்தற்கு இரண்டு அளவைகள் உள. தரவுத்தளத்திலுள்ள தக்கார் அனைவருள்ளும் எத்தனை பேர் அகப்பட்டனர் என்பது ஒன்று. இதனை மீட்பு என்பர். அகப்பட்டாருள் எத்தனை பேர் உண்மையில் தக்கார் என்பது மற்றையது, இது துல்லியம். வாவியில் வலை வீசுவோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கண்ணி சிறிதாயின் மீனோடு சருகும் பாசியும் ஏறும்; பெரிதாயின் வலை துப்புரவாய் வரும், இறால் போய்விடும். ஒன்று மிக மற்றையது குறையும் என்பதனை, இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிறில் கிளெவர்டன் 1950களிலும் 1960களிலும் நடத்திய சோதனைகள் காட்டின.

துல்லியக் குறைவு கண்ணுக்குத் தெரியும். மீட்புக் குறைவோ தெரியாது. பிளேயர், மரோன் என்னும் இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. அமெரிக்காவில் ஒரு பெருவழக்குக்காகச் சுமார் 40,000 ஆவணங்கள் கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. வேண்டிய ஆவணங்களில் நூற்றுக்கு 75 பங்காயினும் தமக்குக் கிடைத்துவிட்டதென வழக்குரைஞர் நம்பினர். அளந்து பார்த்தபோது கிடைத்தது ஏறத்தாழ 20 பங்கே. 'விபத்து' என்று அவர்கள் தேட, ஆவணம் எழுதினோருட் பலர் அதனைச் 'சம்பவம்' என்றும் 'நிலைமை' என்றும் 'சிக்கல்' என்றும் குறித்திருந்தனர். வந்தவற்றுட் பெரும்பாலானவை பொருத்தமாயிருந்தமையால் வராதவற்றைப் பற்றி ஐயமே எழவில்லை.

எம் பழைய மாணவர் ஒருவர் கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தில் ஆட்சேர்ப்புப் பொறுப்பில் இருக்கின்றார். கணக்கு வேலைக்கு ஓர் உதவியாளரைத் தேடியவர், "மட்டக்களப்பில் ஆளே இல்லை, சேர்" என்று என்னிடம் குறைபட்டார். அவர் தேடிய விதத்தை அருகிலிருந்து பார்த்தேன். 'கணக்காளர்', 'மட்டக்களப்பு' என்னும் இரு சொற்களே அவர் விரித்த வலை. ஒன்று பதவிப் பெயர், மற்றது ஊர்ப் பெயர். இரண்டும் நம் பகுதியில் வழுக்குவன.

பதவிப் பெயரை முதலில் நோக்குவோம். நம் பாட்டனார் காலத்து இலிகிதர், தந்தையார் காலத்தில் எழுதுவினைஞர் ஆயினார். பின்னர் அவர் முகாமைத்துவ உதவியாளர் எனவும் வழங்கப்பட்டார். தமிழகத்தில் எழுத்தர் என்பர். மேலும், தமிழ்ச் சொல் உருபேற்றுத் திரிவது. 'கணக்காளர்' என்று முழுச்சொல்லால் தேடின், வேறுபாடறியாப் பொறிக்குக் 'கணக்குப் பதிந்தேன்' என்று எழுதியவர் அகப்படார். ஆதலின் சொல்லின் அடியைக் கொண்டு தேடுதல் வேண்டும். ஒருபொருட் பலசொற்களை 'அல்லது' என்னும் இணைப்பாற் கோத்தல் வேண்டும்.

ஊர்ப்பெயர் இன்னும் இடர்ப்பாடுடையது. காத்தான்குடியை ஆங்கிலத்தில் எழுதுவோர் நடுவில் இரண்டு 'டி' இடுவர், 'டி'யோடு 'எச்' சேர்ப்பாரும் உளர். ஈற்றில் 'ஐ' இடுவாரும் 'வை' இடுவாரும் உளர். ஏறாவூர், செங்கலடி, களுவாஞ்சிக்குடி எல்லாவற்றுக்கும் இந்நிலையே. கொக்கட்டிச்சோலையார் ஒருவர் தம் முகவரியில் அவ்வூரை எழுதலாம். பட்டிப்பளை என்று எழுதலாம். மண்முனை தென்மேற்கு என்று பிரதேசப் பெயரையும் எழுதலாம். இவற்றுள் எதிலும் 'மட்டக்களப்பு' என்னும் சொல் வரவேண்டிய கட்டாயம் இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரியும் கழகத்தின் முழுப்பெயரையோ, வந்தாறுமூலை என்னும் இடப்பெயரையோ, ஆங்கில முதலெழுத்துக்களையோ எழுதுவர்.

தமிழிலேயே கோவை எழுதியோர்க்கு வேறொரு தீங்கு நேர்கின்றது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அடித்தது திரையில் தமிழாய்த் தோன்றினும், பொறிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துக் குவியலே. ஒருங்குறித் தமிழில் தேடுவோர்க்கு அத்தகைய கோவை ஒன்றேனும் கிட்டாது. அதனை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே தரவுத்தளத்தில் ஏற்றுதல் வேண்டும். நம் மாணவர்க்கும் இதனைச் சொல்லி வைத்தல் நன்று.

பதவிப் பெயரினும் ஒருவர் தொழில் பயின்ற இடம் சில வேளை சிறந்த தேடற்சொல்லாகும். கொதிகலன் இயக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டுமாயின், அப்பெயராலே தேடிச் சோர்வதினும் 'வாழைச்சேனை', 'காகித ஆலை' என்று தேடுதல் பயன்தரும். 1950களில் எழுந்த அவ்வாலையில் நீராவியும் கூழும் காகிதமும் பழகிய கைகள் பல. அவர்களிடம் தொழில் கற்ற இளையோரும் உளர். அவ்வாறே, 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர்த் துயர்துடைப்பு நிறுவனங்களில் 'கள உத்தியோகத்தர்' என்னும் பெயரில் உழைத்தோர், கணக்கும் களஞ்சியமும் மொழிபெயர்ப்பும் ஒருங்கே செய்தவர்கள். அப்பதவிப் பெயர் அவற்றுள் ஒன்றையும் சொல்லாது. தக்கார் என நாம் முன்னரே அறிந்த சிலருடைய கோவைகளை எடுத்து, அவர்கள் ஆண்ட சொற்களைப் பொறுக்கி, அவற்றைக் கொண்டு தேடலைத் தொடங்குவதே யான் கண்டவற்றுள் சிறந்த முறை.

நீக்கும் நிபந்தனைகளில் மிக்க கவனம் வேண்டும். 'இத்தனை கிலோமீற்றருக்குள்' என்பது ஒன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நம் வாவிக்கு இந்நிபந்தனை பொருந்தாது. பொறி ஆகாய வழியாக அளக்கும். மனிதர் பாலத்தாலோ, 'பாதை' என நாம் வழங்கும் மிதவையாலோ செல்லுதல் வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே அவ்விடத்தில் போக்குவரத்து எளிதாயிற்று. ஆயினும் எல்லாத் துறைக்கும் பாலம் இல்லை.

இடைவெளி என்பது மற்றொன்று. 2021இல் ஹார்வர்ட் வணிகக் கல்லூரி வெளியிட்ட ஆய்வறிக்கை, ஆறு மாதத்துக்கு மேல் வேலையின்றி இருந்தாரைப் பல நிறுவனங்களின் பொறிகள் தாமே தள்ளிவிடுகின்றன என்கின்றது. தகுதியுடையாரே நிபந்தனைக்கு முற்றும் பொருந்தாமையால் நீக்கப்படுவதாக, வினவப்பட்ட வேலைகொள்வோருள் நூற்றுக்கு 88 பேர் ஒப்புக்கொண்டனர். வாகரையிலும் படுவான்கரையிலும் 2006, 2007ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்து கல்வி தடைப்பட்டோர் எத்துணைப் பேர்! பரீட்சைக்குப் பிந்தித் தோற்றியதும் வேலையின்றி இருந்ததும் அவர்தம் சோம்பலைக் காட்டுவன அல்ல. இடைவெளி கண்டவிடத்துத் தள்ளும் நிபந்தனை, நம் பகுதியைப் பொறுத்தவரை, ஊரைப் பார்த்துத் தள்ளும் நிபந்தனையே.

சொல்லை விடுத்துப் பொருளை உணர்ந்து தேடும் பொறிகள் இப்போது வந்துள்ளன; ஒருபொருட் பலசொற்களை அவை ஓரளவு தாமே அறியும். ஆயினும் அவை பழைய தெரிவுகளைப் பார்த்துக் கற்பவை. அமேசன் நிறுவனம் சோதித்த அத்தகைய பொறி, முன்னர் எடுக்கப்பட்டோருள் ஆடவரே மிக்கிருந்தமையால், 'பெண்கள்' என்னும் சொல் வந்த கோவைகளைத் தாழ்த்தி வைத்ததென 2018இல் செய்தி வெளியாயிற்று. நிறுவனமும் அதனைக் கைவிட்டது.

இனி, குடத்துக்குப் புறம்பே நிற்பாரை நோக்குவோம். கோவை ஏற்றாதவரை எத்தேடலும் காணாது. அவர்பொருட்டுப் பிரதேச செயலகத்திலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் அறிவித்தல் இடுதலும், கிராமத்துப் பாடசாலை ஆசிரியரை வினவுதலும் இன்றும் வேண்டற்பாலன. ஆசிரியரின் நினைவும் ஒரு தரவுத்தளமே. அதில் எழுத்துருக் குழப்பம் இல்லை.

தரவுத்தளத்துள் இருப்பாரைத் தவறவிடாமைக்கு ஓர் எளிய சோதனை உண்டு. அவ்வேலைக்குத் தக்கார் என ஐயமின்றி நாம் அறிந்த பத்துப் பேரின் கோவைகள் தரவுத்தளத்தில் இருக்குமாறு செய்து, நம் தேடல் அவர்களுள் எத்தனை பேரைக் கொணர்கின்றது என்று பார்த்தல் வேண்டும். வாராதவர் கோவையைத் திறந்து, எச்சொல்லால் அவர் தப்பினார் என அறிந்து, அச்சொல்லைச் சேர்த்து மீண்டும் தேடுதல் வேண்டும். மேற்கூறிய மாணவரிடம் இதனைச் சொன்னேன். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எழுதிய தம் கோவையும் அத்தரவுத்தளத்திலேயே கிடந்தது. படுவான்கரையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் மூன்றாண்டு கணக்கெழுதியவர் அவர். தம் தேடலை மீண்டும் ஓட்டினார். தம் பெயர் வரவில்லை. கோவையைத் திறந்து பார்த்தபோது, ஊர் இருக்குமிடத்தில் வெல்லாவெளி என்றும், பதவி இருக்குமிடத்தில் எழுதுவினைஞர் என்றும் இருந்தன. சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்தவர், பின்னர் அவ்விரு சொற்களையும் தேடலிற் சேர்த்தார்.