அறிவிப்புகள் மட்டும் திட்டமாகிவிடா

ஆராய்ச்சியாளர்களின் தேவைக்காக அரசாங்கமொன்று பாரிய கணினியொன்றை வாங்குவது, அலுவலகமொன்றுக்குக் கதிரை மேசை வாங்குவதைப் போன்ற காரியமன்று. வாங்கும் விலையுடன் செலவு முடிவதில்லை. வாங்கிய பொருளும் நீண்டகாலம் நிலைப்பதில்லை. இவ்விரு உண்மைகளையும் கருத்திற்கொள்ளாத கொள்வனவு எவ்வாறு தடுமாறும் என்பதற்குப் பிரித்தானியாவில் 2023 முதல் 2025 வரை இடம்பெற்ற நிகழ்வுகள் தக்க சான்றாக அமைந்துள்ளன.

காலநிலை மாற்றத்தை மதிப்பிடுதல், புதிய மருந்துகளின் மூலக்கூறுகளை ஆராய்தல், விமானத்தின் இறக்கை மீது காற்று பாயும் விதத்தைக் கணித்தல் போன்ற பணிகளைச் சாதாரண கணினிகளால் நிறைவேற்ற முடியாது. இவற்றுக்கு ‘சுப்பர் கொம்பியூட்டர்’ எனப்படும் மீத்திறன் கணினிகள் தேவைப்படுகின்றன. ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், 79 மில்லியன் பவுண் செலவில் நிறுவப்பட்ட ‘ஆர்ச்சர் 2’ அத்தகையதொரு கணினியாகும். 5,860 கணினி அலகுகள் ஒன்றிணைக்கப்பட்ட இக்கணினி, ஒரு பல்கலைக்கழகத்துக்கு மட்டும் உரியதன்று. நாடெங்குமுள்ள ஆய்வாளர்கள் விண்ணப்பித்து, தகுதி பரிசீலிக்கப்பட்ட பின்னர் அதில் நேரம் பெறுகின்றனர். அரச பணத்தில் உருவான பொதுச் சொத்து என்பதாலேயே அதன் கொள்வனவும் பொதுமக்களின் கவனத்துக்குரியதாகின்றது.

அதனைவிட 50 மடங்கு ஆற்றல் வாய்ந்த கணினியொன்று எடின்பரோவில் அமைக்கப்படுமென 2023 ஒக்டோபரில் அன்றைய கன்சர்வேட்டிவ் அரசாங்கம் அறிவித்தது. செக்கனுக்கு ஒன்றுக்குப் பின்னால் 18 பூச்சியங்களைக் கொண்ட எண்ணிக்கையிலான கணக்கீடுகளைச் செய்யவல்ல, ‘எக்ஸாஸ்கேல்’ வகையைச் சேர்ந்த அக்கணினிக்கான மதிப்பீடு 800 மில்லியன் பவுண் ஆகும். ஆனால், 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசாங்கம் அடுத்த மாதமே இத்திட்டத்தை இடைநிறுத்தியது. வாக்குறுதி வழங்கப்பட்டதேயன்றி நிதி ஒதுக்கப்படவில்லை என்பது அதன் விளக்கம். முன்னைய ஆட்சியினர் இதனை மறுத்தனர். பின்னர் 2025 ஜூனில் அதே தொழிற்கட்சி அரசாங்கம், எடின்பரோ கணினிக்கு 750 மில்லியன் பவுண் வரை வழங்குவதாக அறிவித்துத் திட்டத்துக்கு மீண்டும் உயிரூட்டியது.

இறுதியில் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே எனச் சிலர் கூறலாம். அவ்வாறு எளிதாகக் கடந்து செல்ல முடியாது. கணினி வருமென நம்பி எடின்பரோ பல்கலைக்கழகம் 31 மில்லியன் பவுண் செலவில் அதற்கான கட்டடத்தை ஏற்கனவே அமைத்திருந்தது. கணினியோ வரவில்லை. இழந்த பத்து மாதங்களை எந்த ஒதுக்கீட்டாலும் மீட்டுக்கொள்ள முடியாது.

முறையான திட்டமிடல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இங்கு நோக்குவது பொருத்தமாகும். முதலாவதாக, எந்த ஆய்வுக்கு எவ்வளவு கணிப்பு நேரம் வேண்டும் என்பதை ஆய்வாளர்களிடமிருந்தே திரட்டி, அத்தேவை மிகைப்படுத்தப்பட்டுள்ளதா எனச் சுயாதீனமாகப் பரிசீலிக்க வேண்டும். அடுத்து, கேள்விப்பத்திரம் கோரும்போது உற்பத்தியாளர்கள் விளம்பரப்படுத்தும் உச்ச வேகத்தை மாத்திரம் நம்பாது, ஆய்வாளர்கள் நாளாந்தம் பயன்படுத்தும் மென்பொருள்களையே இயக்கிப் பார்த்து விலைமனுக்களை ஒப்பிட வேண்டும். காகிதத்தில் முன்னிற்கும் இயந்திரம் உண்மையான பணியில் பின்தங்குவதுண்டு.

மூன்றாவது விடயம் மின்சாரமாகும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் 2022 இல் எக்ஸாஸ்கேல் எல்லையைத் தாண்டிய ‘ஃப்ரொன்ரியர்’ கணினி, அக்கணக்கீட்டின்போது 20 மெகாவொட்டுக்கும் அதிகமான மின்சாரத்தை நுகர்ந்தது. குளிரூட்டல், பராமரிப்பு, நிபுணர்களின் சம்பளம் ஆகியன இதற்கு மேலதிகமானவை. யானையை வாங்குவது வேறு, அதனைக் கட்டித் தீனி போடுவது வேறு. புதிய கணினிகள் பெரும்பாலும் வரைகலைச் செயலிகளை நம்பியிருப்பதனால், பழைய வகைச் செயலிகளுக்கென எழுதப்பட்ட மென்பொருள்களை மாற்றியமைக்கவும் ஆட்களும் ஆண்டுகளும் வேண்டும்.

நான்காவது, காலக்கணிப்பு. இன்று வாங்கும் பணத்துக்கு ஈராண்டு கழித்து வாங்கினால் அதிக ஆற்றல் கிடைக்கலாம். அதற்காகக் காத்துக்கொண்டேயிருந்தால் ஆய்வுகள் முடங்கும். பழைய கணினி ஓய்வுபெறுவதற்கும் புதியது இயங்குவதற்கும் இடையே வெற்றிடம் தோன்றாதிருப்பதும் அவசியம். முதலாவது ‘ஆர்ச்சர்’ கணினியை 2020 பெப்ரவரியில் மூடி, மே மாதத்தில் ‘ஆர்ச்சர் 2’ ஐத் திறப்பதெனவே முதலில் திட்டமிடப்பட்டிருந்தது. கொவிட் தொற்று அதனைக் குழப்பியது. பழைய கணினியின் சேவையை 2021 ஜனவரி வரை நீடித்துச் சமாளித்தனர். புதியது முழுச் சேவைக்கு வந்ததோ 2021 நவம்பரிலாகும். நல்ல திட்டத்துக்கும் மாற்றுவழி வேண்டுமென்பதை இது உணர்த்துகின்றது.

இதற்கு மாறாக ஜேர்மனியின் யூலிச் ஆய்வு நிலையத்தில் 2025 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்ட ‘ஜூபிட்டர்’ கணினியைக் குறிப்பிடலாம். அதற்கான 500 மில்லியன் யூரோவில் அரைப்பங்கை ஐரோப்பியக் கூட்டு முயற்சியும், காற்பங்கை ஜேர்மனியின் மத்திய அரசாங்கமும், எஞ்சிய காற்பங்கை மாநில அரசாங்கமும் ஏற்றுக்கொண்டன. ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கான இயக்கச் செலவும் அத்தொகையிலேயே அடங்கும். எவர், எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அங்கு வேலை தொடங்கியது எனலாம்.

வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் நிதிக்காகக் காத்திருக்கையில் கணினிக்கு இத்தனை கோடியா எனக் கேட்பது நியாயமான கேள்வியே. புதிய அரசாங்கமொன்று பழைய செலவுகளை மீளாய்வு செய்வதையும் எவரும் குறைகூற முடியாது. ஆயினும், அவ்விவாதம் நடைபெற வேண்டியது அறிவிப்புக்கு முன்னரேயாகும். கட்டடம் எழுந்த பின்னர் கையை விரிப்பது சிக்கனமுமன்று, திட்டமிடலுமன்று.

அடிக்கல் நாட்டப்பட்டதோடு நின்றுபோன திட்டங்களைக் கண்டு பழகிய எமது வாசகர்களுக்கு இக்கதை புதிதன்று. செல்வந்த நாடாகிய பிரித்தானியாவாலேயே இத்தகைய தடுமாற்றத்தைத் தவிர்க்க முடியவில்லையெனில், குறைந்த வளங்களைக் கொண்ட நாடுகள் இருமடங்கு எச்சரிக்கையுடன் செயற்பட வேண்டியது இன்றியமையாததாகும். திறைசேரியின் ஒதுக்கீடும் ஆண்டுதோறுமான இயக்கச் செலவும் எழுத்தில் உறுதியாகும் வரை எந்த அறிவிப்பையும் திட்டமெனக் கொள்ளலாகாது என்பதே எமது கருத்தாகும்.