மோட்டாருக்கும் நாடி உண்டு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டென்பது நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2023-ஆம் வருஷம் மே மாதத்தில், பள்ளிக்கூட விடுமுறையை முன்னிட்டு, நாமும் நமது குடும்பத்தாரும் பழைய பெட்ரோல் கார் ஒன்றில் அந்த மலைமீது ஏறிக்கொண்டிருந்தோம். ஒன்பதாவது வளைவு வரையில் யாதொரு குறையுமில்லை. அதற்கப்பால் வண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மிதிக்க மிதிக்க வேகம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துகொண்டே வந்தது. பின்னால் வந்த பஸ்ஸோ பொறுமையிழந்து ஹாரனை அலற விட்டது. கடைசியில், வளைவின் நடு மத்தியில், இஞ்சின் நின்றே போயிற்று. வண்டி பின்னுக்கு உருளாமலிருக்க நம் மூத்த குமாரன் கல் தேடி ஓடிய காட்சியை நினைத்தால் இப்பொழுதும் நமக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் வண்டியை விட்டோம். "இஞ்செக்டர் அடைத்துவிட்டது, சார். நான்கையும் மாற்றிவிட வேண்டியதுதான்" என்றார்கள். பரிசோதனை என்று ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. 14,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, பழைய இஞ்செக்டர்களை மட்டும் கேட்டு வாங்கி வந்தோம். அதன் பிறகு வண்டி ஊருக்குள் ஜோராக ஓடிற்று. பழுது பார்ப்பதற்கு முன்னாலும் அது ஊருக்குள் ஜோராகத்தான் ஓடியது என்னும் சிறு விஷயம், பௌதிக சாஸ்திரம் போதிக்கும் நமக்கு அப்பொழுது தோன்றவில்லை! அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மலை ஏறினோம். மறுபடியும் அதே மூச்சுத் திணறல். நம் சகதர்மிணி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இந்த இடத்தில் வண்டியின் வயிற்றுக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முன்காலத்துக் கார்களில் கார்புரேட்டர் இருந்தது. இஞ்சின் காற்றை உறிஞ்சும்போது பெட்ரோலும் கூடவே உறிஞ்சப்பட்டது. நம் நாட்டில் 2000-ஆம் வருஷத்தை ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையான பிறகு, கார்களிலிருந்து கார்புரேட்டர் மெல்ல விடைபெற்றது. இப்பொழுது பெட்ரோல் டாங்கிக்குள்ளேயே ஒரு மின்சாரப் பம்பு அமர்ந்திருக்கிறது. அது பெட்ரோலை வடிகட்டி வழியாக அழுத்தித் தள்ளுகிறது. அந்த அழுத்தம், நம் வண்டியைப் போன்றவற்றில், சாதாரணமாக 3 முதல் 4 பார் வரையில் இருக்கும். கார்ச் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய 2 பார் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். குழாயின் முடிவில் இஞ்செக்டர்கள் நிற்கின்றன. இஞ்செக்டர் என்பது மின்காந்தத்தால் திறந்து மூடும் ஒரு மிகச் சிறிய வால்வுதான். ஒவ்வொரு தடவையும் சில மில்லி செகண்டு நேரமே அது திறந்திருக்கிறது.

அதைத் திறந்து மூடும் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது நேரம் ஒன்றே. விழுந்த பெட்ரோலை அது அளந்து பார்ப்பதில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம் திறந்து மூடு" என்று குழந்தையிடம் சொல்வதைப் போன்ற ஏற்பாடு இது. குழாயில் வேகம் இருந்தால் குடம் நிறையும். வேகம் இல்லாவிட்டால் பாதிக் குடந்தான். குடத்தின் மேலும் குற்றமில்லை, குழந்தையின் மேலும் குற்றமில்லை. அழுத்தம் 3 பாரிலிருந்து 2 பாராக இறங்கினால், முழு வேகத்தில் விழும் பெட்ரோல் நூற்றுக்குப் 18 பங்கு வரையில் குறைந்துவிடுகிறது. சமதரையில் இஞ்சினுக்குத் தேவை சொற்பமாகையால் இது தெரியாது. மலையில் தெரியும்.

இவ்வளவையும் நமக்கு விளங்க வைத்தவர் சேலத்திலுள்ள வயதான மெக்கானிக் ஒருவர். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஒரு சிலிண்டர் மட்டும் உதறுகிறதா, ஐயா? அல்லது நான்கும் சேர்ந்து சோர்ந்து போகிறதா?" பாதி வைத்தியம் இக்கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது. ஒரே சிலிண்டர் உதறினால் பிளக்கையும் காயிலையும் சந்தேகிக்க வேண்டும். அப்புறந்தான் அந்தச் சிலிண்டரின் இஞ்செக்டர். அதைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தி, உதறலும் கூடவே போகிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நீண்ட ஸ்குரு டிரைவரின் நுனியை இஞ்செக்டர் மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால் 'டிக் டிக்' என்ற ஓசை கேட்கும். ஆனால் ஓசை கேட்பதனால் பெட்ரோல் சரியாக விழுகிறது என்று அர்த்தமில்லை; வால்வு அசைகிறது என்றுதான் அர்த்தம்.

நான்கும் சேர்ந்து சோர்ந்தால் நாடி பார்க்க வேண்டும். பெரியவர் பெட்ரோல் குழாயின் நடுவே ஓர் இணைப்பைச் சொருகி, அதில் பிரஷர் கேஜை மாட்டினார். வண்டி நிற்கையில் முள் நம் வண்டிக்குரிய 3 பாரில் அசையாமல் நின்றது. சாதாரணமாக இத்துடன் "பிரஷர் சரி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. கேஜின் நீண்ட குழாயைப் பானெட்டுக்கு வெளியே இழுத்து, முன் கண்ணாடியின் மேல் டேப்பால் ஒட்டிவிட்டு, "மலைக்கு விடுங்கள்" என்றார். ஏற ஏற முள் இறங்கியது. பத்தாவது வளைவில் அது 2 பாருக்கும் கீழே வந்தபோது, நமக்கு 14,000 ரூபாய் கண்ணெதிரே தோன்றி மறைந்தது.

சரி, பம்பு கெட்டுவிட்டது என்று நாம் தீர்மானித்தோம். பெரியவர் அதற்கும் அவசரப்படவில்லை. பின்ஸீட்டைத் தூக்கிவிட்டு, இஞ்சின் ஓடும்போதே பம்புக்கு வரும் மின்சாரத்தை அளந்தார். பாட்டரியில் 13.8 வோல்ட், பம்பின் வாயிலிலோ 9.6 வோல்ட். மிச்சம் எங்கே போயிற்று? டாங்கியின் தலைமேலிருந்த பிளாஸ்டிக் கனெக்டரில் ஒரு பின் கருகிப் போயிருந்தது. சூடு ஏற ஏற அதன் தடை அதிகமாகி, பம்பு சோர்ந்துகொண்டே வந்திருக்கிறது. புதுக் கனெக்டருக்கும் கூலிக்குமாக 650 ரூபாய் ஆயிற்று.

காலையில் மட்டும் வண்டி கிளம்ப மறுக்கிறது என்பவர்களுக்கு அவர் சொன்ன சோதனை நம்மில் யாரும் செய்யக்கூடியது. சாவியைத் திருப்பியதும் பின்புறம் இரண்டு செகண்டு நேரம் பம்பின் ரீங்காரம் கேட்க வேண்டும். இஞ்சினைக் கிளப்பாமல் அவ்விதம் மூன்று முறை திருப்பி நிறுத்திவிட்டு, பிறகு கிளப்பிப் பார்க்க வேண்டும். உடனே கிளம்பிவிட்டால், இரவில் அழுத்தம் கசிந்துவிடுகிறது என்று கொள்ளலாம். பம்பிலுள்ள தடுப்பு வால்வோ, சொட்டும் இஞ்செக்டரோ அதற்குக் காரணமாயிருக்கலாம். கிளம்பும்போது பெட்ரோல் நாற்றமும் கரும்புகையும் வந்தால் இஞ்செக்டரின் மேல் சந்தேகம் பலமாகிறது.

கேஜ் மாட்டும் வேலையை மட்டும் நேயர்கள் தாமே செய்ய முற்பட வேண்டாம். அழுத்தத்தை வெளியேற்றாமல் குழாயைக் கழற்றினால் சூடான இஞ்சின்மேல் பெட்ரோல் பீச்சும். டீஸல் வண்டிகளின் சமாசாரமே வேறு. இக்காலத்து டீஸல் இஞ்சின்களில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தால், எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியில் தெரிவது ஊசி குத்திய அளவு காயமானாலும் விரலையே இழக்க நேரிடலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விபத்து அது.

நாம் வாங்கி வந்த பழைய இஞ்செக்டர்கள் நான்கையும் பெரியவர் ஒரு சோதனை யந்திரத்தில் பொருத்தி, கண்ணாடி அளவுக் குழாய்களில் பெட்ரோலுக்குப் பதிலாகச் சோதனைத் திரவத்தைப் பீச்சிக் காட்டினார். நான்கிலும் ஒரே மட்டம். இப்பொழுது அவை நமது வகுப்பறை அலமாரியில் இருக்கின்றன. மின்காந்தப் பாடம் வரும்போது பையன்களிடம் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறோம். விலை என்ன என்று சென்ற வாரம் ஒரு பையன் கேட்டான். பாடத்தைக் கவனிக்கும்படி சொன்னோம்.