ரேந்தைப் பின்னலும் விடுதலை விலையும்

வாணிபம் வேறு, சமய ஊழியம் வேறு என்பது நம்மில் பலருடைய எண்ணம். ஆலயத்தில் பேசுவதைக் கடையில் பேசுவதில்லை. கடைக் கணக்கை ஆலயத்திற்குக் கொண்டு செல்வதுமில்லை. ஆயினும் அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து நகரில் கூடாரம் செய்து பிழைத்தே போதித்தார். அத்தகைய தொழில் ஊழியத்தின் வரலாறு ஒன்று, மாட்டுங்கா லேபர் கேம்ப் வாழ் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகமாகிய தென்கோடிச் சீமையிலும் உண்டு.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் பாதிரியாரும் அவருடைய மனைவி மார்த்தா அம்மையாரும் 1819ஆம் ஆண்டில் நாகர்கோவிலுக்கு வந்தனர். அந்நாளில் தென் திருவிதாங்கூரில் மனிதரை விலைக்கு வாங்கி விற்கும் அடிமை வழக்கம் நிலவியது. அம்மையாரின் பள்ளிக்கு வந்த சிறுமியருள் அடிமைகளும் இருந்தனர். எழுத்தை மட்டும் கற்பித்தால் அவர்கள் மீண்டும் ஆண்டையிடமே செல்ல வேண்டியிருக்கும். ஆகவே அம்மையார் ரேந்தைப் பின்னலையும் கற்பித்தார். இன்று நாம் லேஸ் என்பது அதுவே.

திண்டு போன்ற தலையணைமீது மாதிரி வரைந்த தாளை வைத்து, குண்டூசிகளைக் குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுவது இத்தொழில். கண்ணும் விரலும் பொறுமையுமே இதற்கு மூலதனம். ஐரோப்பியர் இதனை விரும்பி வாங்கினர். அவ்வருவாயைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையையே விலை கொடுத்துப் பெற்றனர். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்ததோ 1855இல்தான்! பின்னர் அம்மையாரின் மகள் எலைசா, 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கும் இக்கலையைக் கொண்டு சென்றார்.

மேற்குக் கரையில் பாசல் மிஷன் இதனையே பேரளவில் செய்தது. மதம் மாறியதால் நிலத்தையும் தொழிலையும் இழந்தவர்களுக்காகக் கண்ணனூரில் நெசவாலையும், 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையும் எழுந்தன. பலர் பிழைத்தனர். ஆனால் ஞானஸ்நானமும் சம்பளமும் ஒரே கையிலிருந்து வருமானால், விசுவாசம் எது, வயிற்றுப்பாடு எது என்ற வினாவும் எழுந்தது. முதல் உலகப் போரின்போது அவ்வாலைகள் பகைவர் சொத்தென்று மிஷன் கையினின்றும் பறிக்கப்பட்டன. ஆலையைப் பறிக்கலாம், கற்ற கைத்தொழிலை யார் பறிக்க இயலும்?

தொழில் ஊழியமாவது ஆதாயத்தில் ஒரு பங்கைக் காணிக்கையிடுவதால் மட்டுமன்று. வேலை செய்பவரைத் தம் காலில் நிற்கச் செய்வதாலேயே ஆகும். நம் கேம்பிலும் தாராவியிலும் தோல் பை தைக்கும் கூடங்கள் உண்டு, தையற்கடைகள் உண்டு, விடியுமுன் இட்லி அவிக்கும் அடுப்புகள் உண்டு. ஊரிலிருந்து புதிதாய் வந்த பிள்ளையை வேலைக்கு வைத்திருப்போர், கிறிஸ்தவராயினும் அல்லராயினும், தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்: அவனுக்குத் தொழில் முழுவதையும் கற்பிக்கிறோமா? கூலியை உரிய நாளில் தருகிறோமா? அல்லது முன்பணம் என்னும் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறோமா?

நாளை அவன் எதிர்த்தெருவில் தனிக்கடை வைத்தால், அதனைக் கண்டு மனம் மகிழ நம்மால் இயலுமா? இயலுமாயின், நம் கடையும் ஓர் ஊழியக்களமே.